எத்தனை லிட்டர் இறங்கியது என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழை ஓய்ந்து தை பிறந்ததும் புதுச்சேரி, கடலூர்ப் பழைய வீடுகளில் ஒரே பேச்சுதான்: "நிலையில செல் ஏறிடுச்சு, மருந்து அடிக்கணும்." செல் என்பது கரையான், நிலை என்பது கதவுச் சட்டம். ஆள் வருவார். முதுகில் ஒரு ஸ்பிரேயர், சுவரோரம் ஒரு சுற்று, நிலைக்கு நாலு பீச்சு, ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பத்து வருட கேரண்டி என்று ஒரு சீட்டும் கொடுப்பார். அடுத்த ஐப்பசியில் அதே நிலையில் மறுபடி மண் கோடு ஏறியிருக்கும். மண்ணிலிருந்து வரும் கரையானுக்கு மருந்தை அடிப்பதில்லை, மண்ணுக்குள் இறக்க வேண்டும். அதுவும் கடைசி வேலை. அதற்கு முன்னால் வீட்டில் முடிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. பழைய வீட்டுக்காரர்கள் பணம் கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியதை எழுதுகிறோம்.

கரையான் குடியிருப்பது நிலையில் இல்லை, தரைக்கு அடியில். ராணியும் குஞ்சுகளும் மண்ணுக்குள் இருக்க, வேலைக்காரக் கரையான்கள் மட்டும் மேலே வந்து மரத்தைத் தின்று உள்ளே கொண்டுபோகின்றன. மெல்லிய தோல் என்பதால் காய்ந்த காற்றும் வெளிச்சமும் அவற்றுக்கு ஆகாது. ஆகவேதான் பென்சில் தடிமனில் ஈர மண்ணால் குழாய் கட்டி அதற்குள்ளேயே ஏறி இறங்குகின்றன. மரத்தில் இருப்பவற்றைக் கொன்றால் கீழே இருக்கும் லட்சக்கணக்கானவை வேறு வழி தேடும், அவ்வளவுதான். மருந்துக்காரர் வருகிறார் என்று முதல் நாளே துடைப்பத்தால் எல்லா மண் கோட்டையும் தட்டிச் சுத்தம் செய்துவிடுகிறவர்கள் உண்டு. எங்கிருந்து ஏறுகிறது என்று சொல்ல இருந்த ஒரே சாட்சி போயிற்று. தட்டாமல் சாக்பீஸால் வட்டம் போட்டு, போனில் படம் எடுத்து வையுங்கள். உயிருள்ள பாதையா என்று பார்க்க ஓரங்குலம் மட்டும் உடைத்துவிட்டு நாலைந்து நாள் பொறுங்கள். ஈர மண்ணால் அடைத்திருந்தால் நடமாட்டம் இருக்கிறது. அடைக்கவில்லை என்றாலும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். வேறு வழியில் போகலாம்.

அடுத்து, வந்திருப்பது மண் கரையான்தானா என்பதை உறுதி செய்ய வேண்டும். மரத்தில் மண் இருந்தால் மண் கரையான். மண்ணே இல்லாமல், சன்னலுக்குக் கீழே கசகசா போலக் குருணையாகக் கொட்டிக் கிடந்தால் அது மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் உலர்மரக் கரையான். கடலோர ஊர்களில் அது சகஜம். குண்டூசித் துளையும் மைதா மாவு போன்ற தூளும் இருந்தால் உளுக்கும் வண்டு. இந்த இரண்டுக்கும் மண்ணில் மருந்து இறக்கிப் பயனில்லை. மரத்துக்குள்தான் மருந்து ஏற்ற வேண்டும், அல்லது மரத்தை மாற்ற வேண்டும். உளுத்த அலமாரிக்காக வீட்டைச் சுற்றித் தரையைத் துளைத்துப் பணம் வாங்குவதும் நடக்கிறது.

ஈசலும் சேதி சொல்லும். பத்திரிகைகளில் "புற்றீசல் போல" என்று எழுதுகிறோம், புற்று எங்கே என்று யாரும் கேட்பதில்லை. ஈசலுக்கு நான்கு இறகும் ஒரே நீளம், இடுப்பு கிடையாது. இறகு முளைத்த எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், முன் இறகு நீளம், மீசை மடிந்திருக்கும். தெரு விளக்குக்கு வரும் ஈசலைப் பற்றிக் கவலையில்லை. வீட்டுக்குள் தரை வெடிப்பிலிருந்தோ நிலையின் இடுக்கிலிருந்தோ கிளம்பினால், குடி உங்கள் தரைக்கு அடியிலேயே இருக்கிறது. எந்த இடுக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். (ஈசலை வறுத்துத் தின்னும் வழக்கம் உள்ளவர்களுக்கு: மருந்து இறக்கிய வீட்டு ஈசல் வேண்டாம்.)

இனி வீடு. இந்த ஊர்களின் பழைய வீட்டுக்கு நான்கு இடத்தில் பலவீனம், நான்கும் பெரும்பாலும் பிற்காலத்தில் நாமே உண்டாக்கியவை.

தூணைப் பாருங்கள். தாழ்வாரத்திலும் முற்றத்தைச் சுற்றியும் நிற்கும் மரத்தூணுக்கு அடியில் ஒரு கருங்கல் இருக்கும். அழகுக்காக வைத்ததில்லை. மரத்தின் அடி தரையைத் தொடக் கூடாது, மண் கோடு ஏறினால் கல்லின் மேல் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதற்காக வைத்தது. பழைய சிவப்புத் தரையின் மேலேயே மூன்று அங்குலத்துக்குக் கலவை கொட்டி டைல்ஸ் ஒட்டினால் அந்தக் கல் புதைந்துவிடுகிறது, தூணின் அடி கலவைக்குள் போய்விடுகிறது. கதவு நிலைக்கும் இதே கதி. வீடு கழுவும் தண்ணீர் நிலையின் காலோரம் இறங்கித் தங்கும். மரத்தின் வெட்டு முகம் தண்ணீரை உறிஞ்சுவது போலப் பக்கவாட்டு முகம் உறிஞ்சாது. கரையானுக்கு ஈர மரமும் மறைவான வழியும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன. அந்த நிலையின் காலை ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டினால் டப்பா சத்தம் வரும். முனையால் அழுத்தினால் பெயின்ட் தோல் மட்டும் கிழிந்து உள்ளே மண் கொட்டும். மரத்தின் மென்மையான வரியை மட்டும் தின்று, கடினமான வரியைத் தாள் தாளாக விட்டு வைத்திருக்கும், பழைய பஞ்சாங்கத்தைப் பிரித்தது போல. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். கரையான் பெயின்டைத் தொடாது, அதுதான் அதற்குக் கூரை. தூணையும் நிலையையும் சுற்றி ஓர் அங்குலம் விட்டு டைல்ஸை வெட்டி எடுத்துப் பழைய கல்லை வெளியே காட்டினாலே பாதிப் பிரச்சினை கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு வந்துவிடும்.

இரண்டாவது, திண்ணை. செங்கல் பெட்டி கட்டி மண்ணும் கட்டட இடிபாடும் கொட்டி நிரப்பி மேலே பூசியதுதான் திண்ணை. அதற்குள் இருக்கும் மண் வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. வெளியே திண்ணையின் ஓரமாகத் தெருப் பக்கம் வாய்க்கால் தோண்டி மருந்து ஊற்றினால் சுவருக்கு ஒரு சொட்டும் போகாது. திண்ணையின் மேல்தளத்தில், சுவரும் திண்ணையும் சேரும் கோட்டில் துளை போட்டு, உள்மண் தட்டும் வரை இறக்க வேண்டும். வாசல் படிகளுக்கும் இதேதான். பழைய படியைப் பிரித்தால் சில சமயம் உள்ளே சென்ட்ரிங் பலகைத் துண்டுகள் கிடக்கும். அதை அங்கே விட்டுவைப்பது விருந்து வைத்து அழைப்பதற்குச் சமம்.

மூன்றாவது, சிமென்ட் பூச்சு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் கீழிருந்து ஏறும் ஈரத்தைத் தன் முகத்தின் வழியே வெளியே விட்டுவிடும். பூச்சு உதிர்கிறது என்று மூன்றடி உயரத்துக்குச் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் நாலடி, ஐந்தடிக்கு ஏறும். உப்புக் கோடும் மேலே போகும். சிமென்ட் பூச்சு சுவரை விட்டு உப்பும்போது நடுவே ஓர் இடைவெளி உண்டாகும். வெளிச்சம் இல்லாத, ஈரமான, யாரும் பார்க்காத அந்த இடுக்கு கரையானுக்கு ராஜபாட்டை. தட்டிப் பார்த்து உப்பிய பூச்சை முழுதும் எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு, மணலால் திரும்பப் பூசுவதுதான் முறை. செலவு கூடுதல், காயவும் நாளாகும்.

நான்காவது மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்கு உத்திரம், அதன் மேல் கட்டைகள், கட்டைமேல் செங்குத்தாக அடுக்கிய சிறு செங்கல், அதன்மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளம், மேலே தட்டோடு. உத்திரத்தின் இரு முனையும் சுவருக்குள் புதைந்திருக்கும். ஒன்றரை அடிச் சுவரின் நடுவில் உள்ள பொந்துகள் வழியாகவே கரையான் அஸ்திவாரத்திலிருந்து உத்திரம் வரை ஏறிவிடும். வெளியே ஒரு கோடுகூடத் தெரியாது. முனைக்குப் பக்கத்தில் கூரைப் பூச்சு மயிரிழை பிளந்து மண் தூசி விழுந்தால், அல்லது கட்டை லேசாகத் தொய்ந்தால், முதலில் ஜாக்கியும் முட்டும் கொடுத்துவிட்டுப் பிறகு பூச்சைத் திறக்க வேண்டும். முட்டுக் கொடுக்காமல் தட்டிப் பார்ப்பது ஆபத்து. மேலே தளம் ஒழுகிக்கொண்டே இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு வகைக் கரையான் அந்தக் கசிவை நம்பி மேலேயே கூடு வைத்துவிடும். அப்போது கீழே தரையில் என்ன மருந்து இறக்கினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. 2014 நவம்பர் மழையில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மேரி என்ற பழைய நகராட்சிக் கட்டடம் இடிந்து விழுந்ததை ஊரே பார்த்தது. சுண்ணாம்புக் கட்டடத்துக்குத் தண்ணீர்தான் முதல் எதிரி. தட்டோட்டு இடுக்கு, மழைநீர்க் குழாய் வாய், முற்றத்துத் தூம்பு, குளியலறைச் சுவர் இவற்றில் கசிவை நிறுத்தாமல் மருந்துக்காரரைக் கூப்பிட வேண்டாம்.

கொல்லையையும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். சாரத்துக்கு வாங்கிய சவுக்குக் கழி, பந்தல் கால், தென்னை மட்டை, அட்டைப் பெட்டி எதுவும் சுவரில் சாய்ந்திருக்கக் கூடாது. 2011இல் 'தானே', 2024இல் 'ஃபெஞ்சல்' புயல்களில் சாய்ந்த மரங்களை அறுத்துவிட்டு அடிக்கட்டையை மண்போட்டு மூடியவர்கள் இருக்கிறார்கள். சுவருக்குப் பக்கத்தில் என்றால் தோண்டி எடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் முடிந்த பின்புதான் மருந்து. கட்டி முடித்த வீட்டுக்கு மருந்து இறக்கும் முறையை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 6313, மூன்றாம் பகுதி சொல்கிறது. அரசுக் கட்டடங்களுக்கும் அதுவே அடிப்படை. மருந்துக்காரர் பேசும்போது அந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

வெளிப்பக்கம் மண்ணாக இருந்தால், சுவரை ஒட்டிச் சிறு வாய்க்கால் தோண்டி, அதற்குள் 12 மி.மீ. கம்பியால் 15 செ.மீ.க்கு ஒரு குத்து குத்த வேண்டும். மருந்துக் கரைசலைச் சுவரைப் பார்த்து மீட்டருக்கு 1.75 லிட்டர் விட வேண்டும். திரும்ப மண் போடும்போது அந்த மண்ணிலும் மீட்டருக்கு அரை லிட்டர் கலக்க வேண்டும். ஆக, ஒரு மீட்டருக்கு 2.25 லிட்டர், தரையிலிருந்து 30 செ.மீ. ஆழம் வரை ஊற வேண்டும். வெளியே சிமென்ட் தளமோ கல் தளமோ இருந்தால், சுவருக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக 30 செ.மீ.க்கு ஒரு துளை, மண்ணைத் தொடும் வரை. அளவு அதே 2.25 லிட்டர். உள்ளே, தரையும் சுவரும் சேரும் மூலையில் 30 செ.மீ.க்கு ஒரு 12 மி.மீ. துளை. ஒவ்வொன்றிலும் மண் இனி வாங்காமல் மருந்து எதிர்த்து நிற்கும் வரை, அதிகபட்சம் ஒரு லிட்டர். தரையில் வெடிப்பு ஓடினால் அதன் வழியேயும் துளை போட வேண்டும். சுவரின் உட்பொந்துகளுக்காகப் பேஸ்மட்ட உயரத்தில், இரு பக்கமிருந்தும் 45 பாகை கீழ்ச் சாய்வாக, 30 செ.மீ.க்கு ஒரு துளை, ஒரு லிட்டர். தடித்த பழைய சுவருக்கு முக்கியமானதே இந்தத் துளைதான். நேரம் பிடிக்கும் வேலை என்பதால் முதலில் விட்டுப் போவதும் இதுதான். நிலையும் சுவரும் சேரும் இடத்தில் 6 மி.மீ. துளை, அதுவும் 45 பாகை, அதிகபட்சம் அரை லிட்டர்.

இப்போது ஒரு கணக்கு. முகப்பு 6 மீட்டர், நீளம் 24 மீட்டர், இரு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் 12 மீட்டர், 27 லிட்டர். உள்ளே இரு நெடுஞ்சுவர் ஓரம் 48 மீட்டர், 160 துளை, 160 லிட்டர் வரை. குறுக்குச் சுவர்கள், திண்ணை, நிலைகள் எதையும் சேர்க்காமலே 187 லிட்டர். முதுகு ஸ்பிரேயரின் கொள்ளளவு 16 லிட்டர். பன்னிரண்டு தடவை நிரப்பினால்தான் இந்த அளவு வரும். இரண்டு தடவை நிரப்பிவிட்டுக் கிளம்பினால் நனைந்தது பூச்சு மட்டும்.

மருந்தின் அளவையும் இதே போலச் சரிபார்க்கலாம். டப்பாவில் உள்ள மருந்து இமிடாகுளோபிரிட் 30.5 சதவீதம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.1 மி.லி. அந்த 187 லிட்டருக்குச் சுமார் 400 மி.லி. வேண்டும். பைஃபென்த்ரின் 2.5 சதவீதம் என்றால் லிட்டருக்கு 20 மி.லி. குளோர்பைரிபாஸ் 20 சதவீதம் என்றால் ஒரு பங்குக்கு 19 பங்கு தண்ணீர். அதாவது ஒன்பது லிட்டருக்கு மேல் மூல மருந்து செலவாக வேண்டும். டப்பாவை உங்கள் எதிரில் திறந்து, உங்கள் எதிரில் அளந்து கலக்கச் சொல்லுங்கள். பால் போல வெளுத்தால் நல்ல மருந்து என்று எண்ண வேண்டாம், ஃபினாயிலும் பால் போலத்தான் வெளுக்கும். நாற்றம் இல்லாவிட்டால் மருந்தே இல்லை என்பதும் தப்பு. குளோர்பைரிபாஸ் குமட்டும், இமிடாகுளோபிரிட்டுக்குப் பெரிதாக வாசனை கிடையாது.

எதைத் தேர்வது? எங்கள் கருத்தில் பழைய வீட்டுக்கு இமிடாகுளோபிரிட். பைஃபென்த்ரின் கரையானை விரட்டும் மருந்து. மண் முழுதும் சீராக நனைந்தால்தான் அது அரண். பழைய அஸ்திவாரத்தில் கல்லும் பொந்தும் எலி வளையுமாக இருப்பதால் எங்காவது ஒரு சாண் விட்டுப்போகும், அந்த ஒரு சாண் போதும் கரையானுக்கு. இமிடாகுளோபிரிட் இருப்பது கரையானுக்குத் தெரியாது. நடந்து வந்து மேலெல்லாம் பூசிக்கொண்டு, ஒன்றை ஒன்று நக்கும்போது மற்றவற்றுக்கும் கொடுத்துவிடும். உடனே சாகாது என்பதால் இரண்டு மூன்று வாரம் நடமாட்டம் தெரியலாம், பதறி மண்ணெண்ணெய் ஊற்றிவிடாதீர்கள். குளோர்பைரிபாஸை 2025இல், எளிதில் அழியாத நச்சுப் பொருள்களுக்கு எதிரான பன்னாட்டு ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, சில விலக்குகளோடு, ஒழிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. மக்கள் குடியிருக்கும் வீட்டுக்குள் அது வேண்டாம் என்றே சொல்வோம். "அந்தக் கால மருந்து, இப்ப கிடைக்காது, நான் வச்சிருக்கேன்" என்று ஆல்ட்ரின், ஹெப்டாகுளோர், லிண்டேன் பெயர்களைச் சொல்லி யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். எல்லாம் தடை செய்யப்பட்டவை.

கிணறு உள்ள வீட்டுக்காரர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். நம் கடலோர மணல் தண்ணீரை வடிகட்டி வைக்காது, கீழே விட்டுவிடும். மழைக்குப் பின் சில அடியிலேயே ஊற்று நிற்கும் தெருக்கள் இரு ஊரிலும் உண்டு. முற்றத்துக் கிணறு, மழைநீர் சேகரிப்புக் குழி, தரைக்கு அடியில் உள்ள சம்ப் எங்கே இருக்கின்றன என்று முதலில் வரைந்து காட்டுங்கள். அந்தப் பக்கத்துச் சுவருக்கு மருந்து இறக்குவதை விட்டுவிட்டு, மரத்துக்கு மட்டும் மருந்து ஏற்றி, மண் கோட்டைக் கண்காணித்து வருவதே நல்லது. பக்கத்து வீட்டுக் கிணற்றையும் கேளுங்கள், சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டடியில் இருக்கலாம். ஒரு துளை மருந்தைக் குடித்துக்கொண்டே இருந்தால் மண் நன்றாக வாங்குகிறது என்று மகிழக் கூடாது. உடைந்த வடிகால் குழாயோ எலி வளையோ வழியாக எங்கோ ஓடுகிறது. ஒரு லிட்டரோடு நிறுத்தி, அந்தத் துளையை அடைத்து, என்னவென்று பார்க்க வேண்டும். பைஃபென்த்ரின், குளோர்பைரிபாஸ் இரண்டும் மீனுக்கு நஞ்சு, கழுவிய தண்ணீர் குளத்துக்கோ வாய்க்காலுக்கோ போகக் கூடாது. சுவரோரத்துக் கீரைப் பாத்தியும் கறிவேப்பிலையும் இனி சாப்பிடுவதற்கு இல்லை.

காலமும் முக்கியம். மண் சேறாக இருக்கும்போது இறக்கும் மருந்து ஊறாமல் மேலேயே நிற்கும், அல்லது நீரோடு போய்விடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அடுத்த நாள்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பகுதிகளில் புகுந்தது. அப்படி ஒரு மழைக்குப் பின் மண் காய மாதங்கள் ஆகும். மாசி முதல் வைகாசி வரை நல்ல காலம். வெள்ளம் சுவரோரம் விட்டுப்போகும் வண்டலையும் அள்ளிவிட வேண்டும். மருந்து இறங்கிய மண்ணின் மேல் அரையடி புது மண் கிடந்தால் கரையான் அதன் வழியே பாலம் போட்டு வந்துவிடும்.

துளை போடுகிறவரிடம் ஒயர் போகும் குழாயையும் தண்ணீர்க் குழாயையும் காட்டிக் கொடுங்கள். பழைய சிவப்பு ஆக்சைடு தரையில் டிரில்லை அதிரடி முறையில் வைத்தால் துளையைச் சுற்றிக் கையளவு பெயரும். மெதுவாக, சுவரோரக் கோட்டிலேயே போட வேண்டும். அடைக்கும்போது சிமென்டில் அதே காவி நிறம் கலந்துகொண்டால் தெரியாது. மரக் கேசிங்கில் ஓடும் பழைய ஒயரிங்கிலும் சுவிட்ச் பலகைக்குப் பின்னாலும் கரையான் இருந்தால் தண்ணீரில் கலந்த மருந்தைப் பீச்சக் கூடாது. மெயினை அணைத்துப் பலகையைக் கழற்றி மாற்றுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் ஒரு நாள் வெளியே தங்கட்டும்.

மரத்துக்கு வருவோம். வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் எளிதில் தொடாது, அதே தேக்கின் வெள்ளைப் பகுதியை விட்டு வைக்காது. நிலையின் கால் ஓரடிக்குத்தான் போயிருந்தால் முழு நிலையையும் பெயர்க்க வேண்டியதில்லை. கெட்டதற்கு மேல் நல்ல மரம் வரும் இடத்தில் வெட்டி, பாதிக்குப் பாதி செதுக்கிப் பழைய தேக்குத் துண்டைப் பொருத்தி, அடியில் இரண்டங்குலக் கல் வைத்து நிறுத்தலாம். மிஞ்சிய மரத்தில் உட்பக்கமாக 15 செ.மீ.க்கு ஒரு 3 மி.மீ. துளை, கீழ்ச் சாய்வாக. ஊசிக் குழாயால் எண்ணெயில் கலந்த மருந்தை நிரப்பி, உறிஞ்சிய பின் மறுபடி நிரப்ப வேண்டும். அது காயும் வரை பக்கத்தில் விளக்கு, பீடி, வெல்டிங் எதுவும் ஆகாது. உப்பு, மிளகாய்த் தூள், கழிவு ஆயில் எல்லாம் அந்த இடத்தை விட்டுக் கரையானை நகர்த்துமே தவிர வேறு பயனில்லை. இரை வைத்துக் கூட்டத்தையே அழிக்கும் முறை கிணற்று வீட்டுக்கு ஏற்றது, ஆனால் மாதக்கணக்கில் ஆகும். புற்று கட்டும் வகை அந்த இரைக்கு அவ்வளவாக மசிவதும் இல்லை.

பணம் வாங்கி மருந்து இறக்குகிறவருக்கு 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். அதன் நகலைக் கேளுங்கள். கேரண்டிச் சீட்டில் வருடக் கணக்கு மட்டும் இருந்தால் போதாது. மருந்தின் பெயர், சதவீதம், மொத்த லிட்டர், துளை எண்ணிக்கை, எப்போதெல்லாம் வந்து பார்ப்பார் என்பதும் இருக்க வேண்டும்.

கடைசியாக, ஒரு வீட்டுக்காரரால் மட்டும் முடியாத இரண்டு காரியங்கள். புதுச்சேரியின் தமிழர் பகுதித் தெருக்களிலும் கடலூர் முதுநகரிலும் வீடுகள் பொதுச் சுவரில் நிற்கின்றன. ஒருவர் தன் பக்கம் மட்டும் இறக்கினால் சுவரின் மறுபக்கம் திறந்தே கிடக்கிறது. அடுத்தடுத்த நாலு வீட்டார் ஒரே வாரத்தில் செய்துகொண்டால் செலவும் குறையும், சுவரும் இரு பக்கமும் நனையும்.

இன்னொன்று சாலை. பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, மூன்று படி ஏறிப் போன திண்ணை இன்று தெருவோடு சமமாகிவிட்டது. சில வீடுகளில் தெருவிலிருந்து இறங்கிப் போகிறார்கள். தெரு மண் நிலையின் காலைத் தொட்ட பிறகு எந்த மருந்தும் நிரந்தரம் இல்லை. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதுத் தார் போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இலேயே தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருக்கிறார். பழைய தெருக்களில் அதைத் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும், புதுச்சேரியிலும் இதே முறை வேண்டும். குழாய், கேபிள் பதிக்க வீட்டுச் சுவரை ஒட்டித் தோண்டும்போது முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவும் வேண்டும். தோண்டிய நீளத்துக்கு மருந்து அரண் அறுந்துபோகிறது. பள்ளத்தை மூடும் முன் தெரிந்தால், மீட்டருக்கு 2.25 லிட்டர் என்ற கணக்கில் அந்த நீளத்துக்கு மட்டும் அன்றைக்கே இறக்கிவிடலாம்.

இப்படிக்கு,
பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் கொத்தனார்கள், தச்சர்கள், கரையான் மருந்து இறக்குவோர் சிலர்,
புதுச்சேரி.